கிழியாத கை

நிலவின் தென்துருவக் குடியிருப்பில் திங்கட்கிழமை விடிந்தால், பல் துலக்கும் முன்பே முன்கையை உப்புத்தாளில் நாற்பது முறை தேய்த்துக்கொள்ள வேண்டும். இரத்தம் கசியாவிட்டால் வேலைக்குப் போகலாம். குழந்தைகள்கூட முணுமுணுத்தபடி தேய்த்துக்கொண்டார்கள்.

நிலவுத்தூசி கண்ணாடித்தூள்போல் அறுக்கும். அதனால்தான் எல்லோருக்கும் இழைவலு ஊசி. தோலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இடைநிலை இழைகள் என்று ஒரு வலை உண்டு. எங்கே இழுத்தாலும் கயிற்றுக் கட்டிலின் பின்னல்போல் அந்த வலை முழுவதும் பாரத்தை ஏற்கும்; செல் கிழியாது. ஊசி அந்த வலையைப் பத்து மடங்கு நெருக்கமாக்கியிருந்தது.

குழாய்களுக்கு வெல்டிங் செய்யும் தாட்சாயணி அன்று உணவுக்கூடத்தில் இட்லியைப் பிட்டபோது சுவரில் 'டப்' என்றது. விண்கல். நெல்லிக்காய் அளவு ஓட்டை. காற்று சீறிக்கொண்டு வெளியேற, அவசரக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே பத்தொன்பது பேர். ஓட்டையை மூடும் தகடோ கிடங்கில். தாட்சாயணி எழுந்தோடி வலது உள்ளங்கையால் அடைத்தாள்.

வெற்றிடம் சதையை உறிஞ்சி இழுத்தது. விரல்கள் மரத்தன.

"தகடு வர எவ்வளவு நேரமாகுமாம்?"

"இருபது நிமிஷம்." அவள் தோளைத் தாங்கிப் பிடித்திருந்த கோமதிநாயகம் பதிவு அலுவலகக்காரர். "கையை மட்டும் எடுத்துராதீங்கம்மா. என் பொஞ்சாதி ஏழு மாசம்."

"எடுக்க மாட்டேன். பேசாம இருங்க, காத்து மிஞ்சட்டும்."

பதினைந்தாம் நிமிடம் கை தன்னுடையதாகவே தெரியவில்லை. இப்போது கிழியும், இப்போது கிழியும் என்று பல்லைக் கடித்தபடி நின்றாள். வெளியிலிருந்து தகடு வந்து ஒட்டியதும் அப்படியே சரிந்தாள்.

"ஒரு செல்கூடக் கிழியலை!" என்று மருத்துவர் வியந்தார். உறைந்த மேல்தோல் உரிந்து, மூன்று வாரத்தில் சலவைக்கல்போல் வழவழப்பாகப் புதுத்தோல் வந்தது.

மாதாந்தரக் காற்று உருளை வாங்கப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். கோமதிநாயகம் எழுந்து கும்பிட்டார். "பெண் பிறந்தா உங்க பேருதாம்மா."

ஆளை அடையாளம் பார்க்கும் ரேகைக் கருவியில் வலக்கையை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"ரேகை விழலைம்மா."

"இடக்கை வைக்கட்டுமா?"

"பதிவுல வலக்கைதான் இருக்கு."

"என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியணுமே." அவர் கண் கலங்கிவிட்டது. இழுப்பறையில் தேடி ஒரு தாளை எடுத்து நீட்டினார். "கவலைப்படாதீங்க, வழி இருக்கு. ரேகை விலக்கு விண்ணப்பம். கீழே வலது கட்டத்துல உங்க கைரேகையை மட்டும் வச்சுக் குடுங்க."