திசை மாறிய நீரோட்டம்

லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்துக்குப் படிகள் கொஞ்சம் செங்குத்து. ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் தண்ணீர் கேட்பார்கள், மீதிப் பேர் நாற்காலி கேட்பார்கள். அந்தச் சனிக்கிழமை காலை வந்த அம்மாள் இரண்டையும் கேட்கவில்லை.

"என் மகள ஏமாத்துக்காரின்னு சொல்றாங்க அண்ணே. இன்னிக்கு சாயங்காலம் முடிவு பண்ணிடுவாங்க. அதுக்குள்ள நீங்க வரணும்," என்றார்.

மோகனராஜுக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பாகிவிட்டது. கீழே துணிக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை அவனுடையது. ஆனால் கடையில் அவனைத் தேடி வருகிறவர்கள் மேல்மாடியில்தான் கண்டுபிடிப்பார்கள். சந்தேகப்பட ஆள் கிடைத்தால் போதும், அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்த சீனி முகம்மது அதற்கு நேர் எதிர். பல வருடம் கப்பல் காப்புறுதித் துறையில் புலன்விசாரணை செய்து ஓய்ந்தபின், ஊராரின் சிக்கல்களை விசாரிக்க இந்த அலுவலகத்தை வைத்திருக்கிறார். யாரையும் சட்டென்று சந்தேகிக்க மாட்டார், யாரையும் சட்டென்று விடவும் மாட்டார்.

"உக்காருங்கம்மா. மொதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் அவர்.

அம்மாளின் பெயர் தனலெட்சுமி, ஊர் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாம். மகள் தனுஜா அக்கரையிலேயே பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். விடுமுறை நாளில் பாலம் தாண்டி இந்தத் தீவுக்கு வந்து, பத்து உபான் பக்கம் இருக்கும் ஒரு பாய்மரப் படகுக் கிளப்பில் பழகுகிறாள். அடுத்த மாதம் லங்காவியில் நடக்கும் பந்தயத்துக்குக் கிளப் படகு போகிறது. அதில் ஓர் இடம் மட்டும் பாக்கி. ஆறு பேர் போட்டி போட்டார்கள். படகு பழுதுக்குப் போயிருந்ததால், கடலில் ஓட்டாமல் கணினியில் ஓட்டித் தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. அதற்கென்று சிமுலேட்டர் மென்பொருள் இருக்கிறது. படகு எப்படிப்பட்டது, காற்று எப்படி, நீரோட்டம் எப்படி என்று மூன்று புரொஃபைல்களை முன்கூட்டியே நிரப்பிவிட்டால், திரையில் அந்தக் கடல் அப்படியே வந்துவிடும்.

"அத நெரப்பினது என் தம்பி புவனேஸ்வரன். அங்கதான் வந்தது வெனை," என்றார் தனலெட்சுமி.

எல்லாப் போட்டியாளர்களுக்கும் நீரோட்ட வரைபடம் ஒன்றை முதலிலேயே கொடுத்திருந்தார்கள். பந்தய நேரத்தில் அந்தக் கடற்கால்வாயில் தண்ணீர் வடக்கே ஓடும் என்று அது சொன்னது. முதல் திருப்பமும் வடக்கே. ஆகவே ஐந்து பேர், தண்ணீரே தள்ளிக்கொண்டு போகட்டும் என்று நடுக்கால்வாய்க்கு விரைந்தார்கள். தனுஜா மட்டும் நீரோட்டம் குறைவாக இருக்கும் கரையை ஒட்டி ஊர்ந்துபோனாள். கடைசியில் பார்த்தால், சிமுலேட்டரில் தண்ணீர் தெற்கே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நடுவில் போனவர்கள் எதிர்நீரில் மாட்டித் திணற, தனுஜா எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்ந்தாள்.

"ரெண்டாவதா வந்த ஹஸ்ருல் கம்ப்ளேன் பண்ணிட்டான். தண்ணி மாறியிருக்கறது இவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? மாமன்தானே செட் பண்ணாருன்னு."

"உங்க தம்பி என்ன சொல்றாரு?"

"வடக்கே போற மாதிரிதான் போட்டேன், யாரோ மாத்திட்டாங்கன்னு சத்தியம் பண்றான். ஆனா கம்ப்யூட்டர்ல கடைசியா மாத்துனது அவன் பேருலதான் இருக்கு. இப்ப அவனே, என் பாஸ்வேர்டை எடுத்து இவ மாத்திட்டாளோன்னு நெனைக்கிறான் அண்ணே. தூக்கி வளத்த புள்ளைய!"

"மக என்ன சொல்லுது?"

"நான் மாத்தலம்மாங்கறா. அதுக்கு மேல வாயே தொறக்கல."

சீனி முகம்மது சற்று யோசித்தார். "ரெண்டு பேருமே உண்மையத்தான் சொல்றாங்கன்னு வச்சுக்குவோம்."

"அப்ப பேய்தான் வந்து மாத்தியிருக்கணும்," என்றான் மோகனராஜ்.

"பேய்க்குப் பாஸ்வேர்டு தெரியாது தம்பி. காடிய எடு."

காரை ஓட்டியபடி வழி நெடுக மோகனராஜ் பேச்சிலேயே ஹஸ்ருலைப் பிடித்துச் சிறையில் போட்டுக்கொண்டே வந்தான். தோற்கப் போகிறோம் என்று தெரிந்து, பழிபோட வசதியாக அவனே மாற்றியிருக்க வேண்டும். "தோத்த பிறகுதானே லா தோத்தது தெரியும்?" என்று சீனி முகம்மது கேட்டதும், பழியைக் கிளப் செயலாளர் மேல் மாற்றிக்கொண்டான். அந்தச் செயலாளரின் பெயர்கூட அவனுக்கு அப்போது தெரியாது.

கிளப்பின் படகுத்துறையில் தனுஜா தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பாதாம் மரத்திலிருந்து உதிர்ந்த காய்ந்த இலை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். அது தூணைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்து, இன்னொன்றைப் போட்டாள். அழுது முடித்த முகம் என்று மோகனராஜுக்குத் தோன்றியது. பாவம், பொழுதைப் போக்க என்னத்தையோ செய்கிறாள்.

சீனி முகம்மது அவளைப் பார்க்காமல் இலையைப் பார்த்தார். "எப்பவும் இப்படித்தான் போடுவியாம்மா?"

"படகு எறக்கறதுக்கு முன்ன போட்டுப் பாப்பேன் அங்கிள். பழக்கமாயிடுச்சு." அவள் எழுந்தாள். "நான் எதையும் மாத்தல."

"தெரியும். உங்க மாமா மாத்தினாரா?"

அவள் இல்லை என்று வேகமாகத் தலையசைத்தாள். "அவரும் மாத்தல. அவர எதுவும் கேக்காதீங்க, ப்ளீஸ். எனக்கு அந்த எடமே வேணாம், பரவால்ல." வேண்டாம் என்று சொல்லும்போதே அவள் பார்வை கடலுக்குப் போய்விட்டது. எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறாள் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

கிளப் வாசலில் புவனேஸ்வரன் நின்றிருந்தார். வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லுமுன் கொடிக்கம்பத்தை ஒரு பார்வை பார்த்தார். "தென்மேற்குக் காத்து. கொஞ்ச நேரத்துல மழ கொட்டப்போவுது. குடை கொண்டாந்தீங்களா?"

வானத்தில் ஒரு மேகத்தைக்கூடக் காணோம். மோகனராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"வானிலை வேலையா பாத்தீங்க?" என்றார் சீனி முகம்மது.

"ஆமா. முப்பது வருஷம். தூங்கறப்ப எழுப்பிக் கேட்டாலும் காத்து எங்கேர்ந்து வருதுன்னு சொல்லுவேன். கப்பல் படகெல்லாம் எனக்குப் பழக்கம் இல்ல. கம்ப்யூட்டர் தெரியும்னு கிளப்புல கேட்டாங்க, செஞ்சு குடுத்தேன்." பெருமையாக ஆரம்பித்தவர் முடிக்கும்போது தளர்ந்துபோனார். "அதுக்கு இந்தக் கெட்ட பேரு."

உள்ளே செயலாளர் லோகேஸ்வரி கணினியோடு காத்திருந்தார். ஹஸ்ருலும் இருந்தான், கையைக் கட்டிக்கொண்டு. பார்வைக்கு நல்ல பையனாகத் தெரிந்தது மோகனராஜுக்குப் பெரிய ஏமாற்றம்.

லோகேஸ்வரி பந்தயத்தின் பதிவை ஓட்டிக் காட்டினார். திரையில் நீலக் கால்வாய், அதில் நீரோட்டத்தைக் காட்டும் அம்புகள். எல்லாம் தெற்கே பார்த்திருந்தன. "ஓட்டறப்ப இந்த அம்பு யாருக்கும் தெரியாது சார். முடிஞ்ச பிறகுதான் காட்டும்," என்றார்.

"பந்தயம் தொடங்கறதுக்கு முன்ன என்ன நடந்துச்சு? அதப் போடுங்க."

எல்லாரும் முகம் சுளித்தார்கள். தொடங்குமுன் என்ன இருக்கப்போகிறது? ஐந்து படகுகள் அங்குமிங்கும் பாய்ந்து பழகிக்கொண்டிருந்தன. தனுஜாவின் படகு மட்டும் பாயைத் தளர்த்திவிட்டு, தொடக்க மிதவையை ஒட்டிச் சும்மா கிடந்தது.

ஹஸ்ருல் சிரித்தான். "இதத்தான் நானும் சொல்றேன். அவளுக்குக் கீபோர்டே சரியா தெரியல, நின்ன எடத்துலயே நின்னா. அப்படிப்பட்டவ எப்படி ஜெயிச்சா?"

"நின்ன எடத்துலயேவா நின்னா?"

"பின்ன?"

சீனி முகம்மது திரைக்கு அருகே குனிந்தார். தொடக்கச் சங்கு ஒலிக்கும் இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். மிதவைக்கும் படகுக்கும் நடுவே இப்போது நல்ல இடைவெளி இருந்தது. மோகனராஜ் அதைப் பார்த்தான். பார்த்து, அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டான். பிற்பாடு நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டது இதற்காகத்தான்.

"தனுஜாவையும் அவங்க அம்மாவையும் கூப்பிடுங்க," என்றார் சீனி முகம்மது. எல்லாரும் கூடியதும் புவனேஸ்வரனைப் பார்த்தார். "எனக்கு ஒரு உதவி செய்யணும். அதே வரைபடத்த வச்சு, அன்னிக்குப் போட்ட மாதிரியே புதுசா ஒரு தடவ செட் பண்ணுங்க. எல்லார் கண்ணு முன்னாலயும்."

"சந்தோஷமா செய்றேன்," என்று புவனேஸ்வரன் நாற்காலியை இழுத்துப்போட்டார். தனுஜா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சீனி முகம்மது மெல்லக் கையை உயர்த்தினார்.

புவனேஸ்வரன் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு தட்டினார். படகு முடிந்தது. காற்று முடிந்தது. மூன்றாவது கட்டத்தில் 'திசை' என்று கேட்டது. கொஞ்சமும் தயங்காமல் நிரப்பினார், சேமித்தார், கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இப்பப் பாருங்க. வடக்கே போவும்."

அம்புகள் ஒவ்வொன்றாக முளைத்தன. எல்லாம் தெற்கே பார்த்து நின்றன.

புவனேஸ்வரன் திரையைத் தொட்டுப் பார்த்தார், யாரோ ஒட்டிவைத்த படமோ என்பதுபோல். "இப்பத்தானே... நானே... யாரும் தொடலயே..."

"அன்னிக்கும் யாரும் தொடல," என்றார் சீனி முகம்மது. குரலில் கடுமை இல்லை. "நீரோட்டத்துக்கு என்ன திசை போட்டீங்க?"

"தெற்கு. தெற்கேர்ந்துதானே வருது! அப்பத்தானே வடக்கே போவும்?"

லோகேஸ்வரி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ."

"காத்துக்கு நாம எப்பவும் வர்ற எடத்தத்தான் சொல்லுவோம். தென்றல்னா தெற்கேர்ந்து வர்றது, வாடைன்னா வடக்கேர்ந்து வர்றது. இவரு முப்பது வருஷம் அப்படியே சொல்லிப் பழகினவரு. ஆனா கடல்ல போறவங்க தண்ணிக்குப் போற எடத்தச் சொல்லுவாங்க. தண்ணி நம்மள எங்க கொண்டுபோய் விடும்ங்கறதுதான் அவங்களுக்குக் கவல. இந்த மென்பொருளும் படகுக்காரங்க செஞ்சது. படகு ஓட்டறவங்க யாரும் இந்தத் தப்பப் பண்ண மாட்டாங்க. வானிலைய நல்லாத் தெரிஞ்சவருதான் பண்ணுவாரு."

"சரி," என்றான் ஹஸ்ருல். குரலில் பழைய சூடு இல்லை, ஆனாலும் கேட்டான். "தப்புன்னே அங்கிளுக்குத் தெரியாதுன்னா, அவரு சொல்லிக் குடுத்திருக்க முடியாது. ஒத்துக்கறேன். அப்ப இவளுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"கீபோர்டு தெரியாம நின்னான்னு சொன்னீங்களே, அந்தப் படகப் பாருங்க." சீனி முகம்மது பதிவை மறுபடி ஓட்டச் சொன்னார். தளர்ந்த பாயோடு தனுஜாவின் படகு மிதவையை விட்டு மெதுவாக, மிக மெதுவாக விலகியது, தெற்குப் பக்கமாக. "நீங்க அஞ்சு பேரும் வரைபடத்த நம்பினீங்க. இந்தப் பொண்ணு தண்ணியக் கேட்டுப் பாத்துச்சு. படகுத்துறைல ஒக்காந்து எலை போட்டுப் பாக்கற பொண்ணு, கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்தா மட்டும் பழக்கத்த விட்டுடுமா?"

எல்லாரும் தனுஜாவைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர்ல எலை போட முடியாதே அங்கிள். அதான் படகையே போட்டேன்."

மோகனராஜுக்குக் கைதட்டவேண்டும்போல இருந்தது. தட்டியும்விட்டான்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடி?" என்று தனலெட்சுமி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மொதல்ல, வேணும்னுதான் மாத்தி வச்சிருக்காங்க, நம்மளச் சோதிக்கறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் மாமா சரியாத்தான் போட்டேன்னு சத்தியம் பண்ணாரு. அப்பத்தான் வெளங்குச்சு, அவருக்கே தெரியலன்னு." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அத்தன பேரு முன்னால மாமா தப்புன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

புவனேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் தவற்றைவிட, இந்தப் பிள்ளையைச் சந்தேகப்பட்டோமே என்பதுதான் அவரை அறுத்தது. "நான் உன்னப் போயி..." என்றார். தனுஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தகரக் கூரையில் மழை தடதடவென்று இறங்கியது. மோகனராஜ் குடை கொண்டுவராததை நினைத்துக்கொண்டான்.

"காத்து விஷயத்துல இவர் தப்பு பண்ண மாட்டாரு, பாத்துக்குங்க," என்றார் சீனி முகம்மது. புவனேஸ்வரனே சிரித்துவிட்டார்.

லோகேஸ்வரி ஹஸ்ருலைப் பார்த்தார். "மறுபடி பந்தயம் வைக்கணுமா? கேக்கற உரிமை ஒனக்கு இருக்கு."

ஹஸ்ருல் திரையில் நின்ற படகைப் பார்த்தான். "வேணாம்க்கா. எல்லாரும் ஒரே தண்ணிலதானே ஓட்டினோம். லங்காவிக்கு அவளே போவட்டும்." பிறகு தனுஜாவிடம், "மன்னிச்சுக்க. அந்த எலை வித்தைய எனக்கும் சொல்லிக் குடு," என்றான்.

மழை விட்டதும் காடியை நோக்கி நடந்த மோகனராஜ் திரும்பிப் பார்த்தான். படகுத்துறையின் ஈரப் பலகையில் மாமனும் மருமகளும் குனிந்து நின்றார்கள். புவனேஸ்வரன் கையில் ஒரு பாதாம் இலை. முப்பது வருடம் வானத்தையே பார்த்த மனிதர், அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஆவலாகக் கேட்டார்.

"எங்கேர்ந்து வருது?"

"எங்கே போவுதுன்னு பாருங்க மாமா," என்றாள் தனுஜா.