அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க

பழவேற்காட்டில் இறால் வியாபாரி கௌஸ் மைதீன் வீட்டுக்கு டெலிபோன் பலகை மாட்ட வந்த தேவதாஸ், உண்மையில் ஆரம்பாக்கத்து ரேடியோ மெக்கானிக். டெலிபோனைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் போன வாரம் தெரிந்துகொண்டதுதான். அதை முகத்தில் காட்டாமல் இருக்கும் வித்தை மட்டும் நன்றாகத் தெரியும்.

பழங்காலத்து வீடு. உச்சி வெயிலிலும் முன்கூடம் இருண்டு கிடந்தது. சுவரெல்லாம் ஏரிக்காற்றின் உப்பு பூத்திருந்தது. இறால் வாடைக்குள் சாம்பிராணிப் புகை மெல்ல நுழைந்து கொண்டிருந்தது.

பலகையில் ஆறு துளைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பித்தளை மூடி. இணைப்புள்ள இடத்தில் யாராவது போனின் கைப்பிடியைச் சுற்றினால் அவருடைய மூடி விழும். யார் வேண்டுமென்று கேட்டு, அந்தப் பேர் ஒட்டிய துளையில் வயரைச் சொருக வேண்டும். பேர் ஒட்டாவிட்டால் அது வெறும் பலகை.

"பேருங்களைச் சொல்லு பாய்."

"ஐஸ் குடோன். கரைக் கொட்டாய். அடுப்படி."

"நாலாவது ஒயரு பின்கட்டுக்குப் போவுதே?"

பாய் குரலைத் தாழ்த்தினார். "தம்பி சம்சாரம் ரூம்பு. இத்தா இருக்குது."

தம்பி இஸ்மாயில் போன மாதம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்துபோனான். துக்க காலமான இத்தா முடியும்வரை அவன் மனைவி வெளியாண்கள் கண்ணில் படமாட்டாள்.

"அவங்க பேரு இன்னா?"

"பொம்பளை பேரைப் பத்து பேரு வந்து போற எடத்துல ஒட்டுவாங்களாய்யா? இஸ்மாயில் வீடுன்னு எழுது."

"போனவருக்கே கனெக்‌ஷன் குடுத்துட்டோம் பாய். இனிமே கவர்மென்டு நம்மகிட்ட வந்து கத்துக்கணும்."

பாய் சிரிக்கவில்லை. தேவதாஸின் ஜோக்குகளுக்கு அது பழக்கம்தான்.

ஜும்ஆ தொழுகைக்கு ஆண்களெல்லாம் பள்ளிவாசல் போய்விட்டார்கள். குடோனிலும் கொட்டாயிலும் ஆளில்லை. தேவதாஸ் மட்டும் பலகை முன்னால் உட்கார்ந்து பெருமையாகப் பார்த்துக் கொண்டிருந்தான்.

டக்.

ஆறாவது மூடி விழுந்திருந்தது.

வயரைச் சொருகினான். காதில் தண்ணீர் அலம்பும் சத்தம். அதற்குள்ளிருந்து ஓர் ஆண்குரல், மூச்சு வாங்க.

"பரக்கத்தைக் குடுங்க."

யாரோ சோதித்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்தான். தொண்டையைச் செருமி, பெரிய ஆபீசர் தோரணையில் சொன்னான்: "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க." வயரை எடுத்து மூடியை நிமிர்த்தி விட்டான்.

டக்.

"இருப்பா. நல்லா பாருங்க."

"பலகைல இல்லீங்க."

டக்.

இந்த முறை குரல் அழுதது. "ரொம்ப தூரம் வந்துட்டேன்பா. ஒரே ஒரு வார்த்தை..."

"யோவ், இல்லன்னா இல்ல. வையி!"

வயரைப் பிடுங்கிய பிறகுதான், இது எங்கிருந்து வருகிறது என்று பலகையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.

ஆறாவது துளைக்கு இணைப்பே கொடுக்கவில்லை.

டீ கொண்டு வந்த சமையல்காரி ராஜம்மா அவனை உற்றுப் பார்த்தாள். "இன்னாண்ணே, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"பரக்கத்துன்னா யாரு?"

"பின்கட்டுல இருக்காங்களே, சின்னவரு சம்சாரம். பரக்கத் பீவி."

பயம் வருவதற்கு முன்னால் வெட்கம் வந்துவிட்டது. காது மடல் எரிந்தது. அவள் இதே கூரையின் கீழ், இருபது அடி தூரத்தில் இருக்க, இல்லையென்று சொல்லியிருக்கிறான். அதுவும் ஆபீசர் குரலில்.

'இஸ்மாயில் வீடு' என்று ஒட்டிய காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தான். 'பரக்கத் பீவி' என்று எழுதி ஒட்டினான்.

டக்.

யார் வேண்டுமென்று இந்த முறை கேட்கவில்லை. ஆறாவது துளையையும் அவள் துளையையும் வயரால் சேர்த்தான். பின்கட்டில் மணி அடித்தது. ஒட்டுக்கேட்க மனம் வராமல் காதிலிருந்து கருவியை எடுத்து வைத்தான். சுவர் வழியாக ஒரு பெண்ணின் அழுகை வந்தது.

பிறகு, சின்னதாக ஒரு சிரிப்பு.

கொஞ்ச நேரத்தில் நடைக்கதவுத் திரை அசைந்தது.

"அண்ணே." திரைக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரல். "இதுக்கு முன்னாடி கூப்ட்டாரா?"

உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"இல்லம்மா. இதான் முதல் தடவை. கேட்ட உடனே குடுத்துட்டேன்."

திரை அசையாமல் நின்றது.

"மூணு தடவை கூப்ட்டாராம். யாரோ ஒருத்தன் வையின்னு அதட்டினானாம்."

தேவதாஸ் தலையைக் குனிந்து கொண்டான்.

"அது யாருன்னு கேட்டாரு அண்ணே," என்றாள் பரக்கத் பீவி. "உங்க பேரைச் சொல்லிட்டேன்."

டக்.