செத்தவன் முகவரி

பஸ்ஸை விட்டு இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. பெரியவன் அம்மாவின் வீட்டு வாசலில் நின்று காலிங் பெல்லை அழுத்தினான். உள்ளே மணி அடித்தது, யாரும் வரவில்லை. நாள்கணக்கில் ஜன்னல் திறக்காத வீட்டின் ஈர வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது.

என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழிநெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். மறுபடியும் பெல்லை அழுத்தினான்.

கம்பெனிக்கு வரும் குப்பை மெயில்களை வாசலிலேயே மடக்குவது அவன் வேலை. ஆபீஸில் அவனுக்கு வாட்ச்மேன் என்றே பேர். லாட்டரி விழுந்திருக்கிறது என்பவன், பேங்கிலிருந்து எழுதுகிறேன் என்பவன், மேனேஜர் பேரிலேயே வேஷம் கட்டி வருபவன், ஒருவன் ஜம்பமும் அவனிடம் பலிக்காது. அவனுக்கு ரொம்பப் பிடித்த ஆயுதம் பொறி. யாரும் பயன்படுத்தாத ஒரு மெயில் முகவரியைச் சும்மா திறந்து வைப்பது. நல்லவர் எவருக்கும் அங்கே எழுத வேலையில்லை, எழுதுகிறவன் அயோக்கியன். ஒரு தடவை எழுதினால் போதும், அதற்குப்பின் அவன் யாருக்கு அனுப்பினாலும் ஒரு மெயிலும் கம்பெனிக்குள் நுழையாது. போய்ச் சேரவில்லை என்ற தகவல்கூட அவனுக்குத் திரும்பாது.

தம்பிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. பைக் விபத்தில் போய்விட்டான். அவன் முகவரி வீணாகக் கிடக்கிறதே என்று பெரியவன் அதையும் பொறியாக்கினான்.

“சொந்தத் தம்பியோடது. வேணாம்பா, வேற எடுத்துக்கலாம்” என்று மேலதிகாரி தயங்கினார்.

“செத்தவனுக்கு யார் சார் எழுதப் போறா?” என்றான்.

அம்மா எழுதினாள்.

சாவு வீட்டில் அவனைப் பார்த்து, “ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையேடா உனக்கு. போன் பண்ணாதே, வந்தும் நிக்காதே. மனசு ஆறினதும் நானே மெயில் போடுறேன்” என்று சொல்லியிருந்தாள். அவன் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. வீம்பு பிடித்தவள் என்று மனதுக்குள் வைதுகொண்டே ஒரு வருஷத்தை ஓட்டினான். இன்று காலையில்தான், பொறியில் மாட்டியிருந்த அயோக்கியர்களுக்கு நடுவே அம்மாவின் முகவரியைக் கண்டான்.

சங்கிலி மாட்டியபடியே கதவு கொஞ்சம் திறந்தது.

“யாரு?”

“நான்தாம்மா. பெரியவன்.”

தலை முதல் கால் வரை பார்த்தாள். ரொம்ப இளைத்திருந்தாள்.

“அப்படியே என் பெரியவன் மாதிரியே இருக்கே. சின்னவன் சொன்னது சரியாத்தான் போச்சு.”

“சின்னவனா? எப்பம்மா சொன்னான்?”

“தினம் எழுதுறானே. அண்ணன் மாதிரியே ஒருத்தன் வருவான், நம்பிடாதேம்மான்னு நேத்துகூட போட்டிருந்தான்.”

அவள் தோளுக்குப் பின்னால், மேஜைமேல் கம்ப்யூட்டர் எரிந்துகொண்டிருந்தது.

பொறிக்கு விழுங்க மட்டும்தான் தெரியும். அதிலிருந்து ஒரு வரிகூட வெளியே போக முடியாதபடி அவன்தான் அடைத்து வைத்திருந்தான்.

“அங்க யாரும் இல்லைம்மா. அது நான் வெச்ச பொறி.”

“யாரும் இல்லைன்னா எனக்கு யாரு பதில் போட்டது? நீயா?”

அவன் இல்லை என்று தலையசைத்தான்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணே ஒண்ணு உன்னைக் கேக்கச் சொல்லியிருக்கான். உடம்பு முடியலை, வந்து கூட்டிட்டுப் போடான்னு என் பெரியவனுக்கு எத்தனையோ தடவை எழுதினேன். உனக்கு அது வந்துச்சா?”

வந்தது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாவி.

“வரலைம்மா. சத்தியமா ஒண்ணுகூட வரலை.”

அவள் முகத்தில் மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

“அப்போ நீ அவன் இல்லை. என் பெரியவனுக்கு வேலையே மெயில் பாக்குறதுதான். அம்மா எழுதினது அவனுக்குக் கிடைக்காமப் போகுமா?”

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

அம்மா அம்மா என்று கை வலிக்கத் தட்டினான். பிறகு கதவில் காதை வைத்துக் கேட்டான். மரத்துக்கு அந்தப் பக்கம், வெகு அருகில், அவள் மூச்சு இரைத்தது.

உள்ளறையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

“போயிட்டானாம்மா?” என்றான் தம்பி.