அச்சமானி காட்டிய புள்ளி

திரையில் அச்சமானியின் சிவப்புப் புள்ளி அவர்கள் கூடாரத்தின் மேலேயே நின்றது. செண்பகம் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். புள்ளி நகரவில்லை.

"லூர்தண்ணே, கரடி இங்கனயேதான் நிக்குன்னு காட்டுது."

படகோட்டி லூர்து துப்பாக்கியோடு வெளியே பாய்ந்தார். தூத்துக்குடிக் கடலில் நாற்பது வருஷம் கழித்தவர். அவர் முகம் இப்படி வெளுத்து அவள் பார்த்ததே இல்லை. அந்தத் துருவ ஆற்றை மூடுபனி அடைத்திருந்தது. ஜூலை மாதத்து அணையாத சூரியன் அதற்குப் பின்னால் எங்கோ இருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

நெஞ்சுத் துடிப்பைச் சொல்லும் பட்டையைக் கரடிக்குக் கட்டுவது ஆகிற காரியமா? அதற்கு அஞ்சும் பிராணிகளுக்குக் கட்டினார்கள். பனிமான், நரி, வாத்து, தரை அணில் என்று இரண்டாயிரம் உயிர்கள். அவற்றின் நெஞ்சு எதைக் கண்டு அதிகம் பதறுகிறதோ, அந்த இடத்தில் அச்சமானி ஒரே ஒரு புள்ளி வைக்கும். இதுவரை தொலைவிலுள்ள ஆய்வு நிலையத்தில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள்; ஒருமுறைகூடத் தப்பியதில்லை. ஆற்றின் போக்கை அளக்க, அச்சமானியோடு உள்ளே வந்த முதல் ஆட்கள் இவர்கள் இருவரும்தான். அதை நம்பிக் காவல் நாய்களைக்கூட விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"படகுல ஏறு தங்கச்சி! சாமானெல்லாம் கெடக்கட்டும்!"

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு துடுப்புப் போட்டார்கள். ஆறு அங்கே ஏழெட்டுக் கிளையாகப் பிரிந்து, கூழாங்கல் திட்டுகளைச் சுற்றி ஓடியது. கோடையிலும் உருகாத பனிப்பாளங்கள் படகை உரசின. செண்பகம் திரையைப் பார்த்தாள். புள்ளி அவர்களோடு கூடவே வந்தது.

பாளமொன்று இடித்துப் படகு, மூடுபனி சற்று விலகியிருந்த ஒரு திட்டில் ஒதுங்கியது. இறகுதிர்ந்து பறக்க முடியாத வாத்துகள் விழுந்தடித்து ஓடி, மறுகோடியில் ஒட்டிக்கொண்டு நின்றன. எல்லாக் கண்களும் அவள் மேல்.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணே, கரடியும் இல்ல, ஒண்ணும் இல்ல! அந்தப் புள்ளி நாமதான். இதுக நம்மளப் பாத்துப் பயப்படுதுக!"

லூர்து துப்பாக்கியைப் படகுக்குள் போட்டுவிட்டுக் கல்லில் சாய்ந்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு சும்மாவா சொன்னான்! கரடியவிடவா நாம மோசம்?"

"அப்படித்தான் காட்டுது."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "அது ஒரு புள்ளிதான வைக்கும்? அதையும் நமக்கு வச்சிருச்சுன்னா, கரடி நிக்கிறத எப்படித்தான் காட்டும்?"

செண்பகம் நாளை எண்ணினாள். அவர்களை அழைத்துப்போக விமானம் வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அவர் முதுகுக்குப் பின்னால், காற்றே இல்லாதபோதும் ஒரு வில்லோ புதர் அசைந்தது. ஈரமான ஒரு மூச்சு கேட்டது. வாத்துகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன.