பத்திரமாக இறங்கிவிட்டார்

நான்கு பத்துக்கு மனைவியின் கைப்பேசி ஒருமுறை சிணுங்கி அடங்கியது. சமையலறை மேடையில் கிடந்ததை அவன்தான் எடுத்துப் பார்த்தான். 'மாணவி பத்திரமாக இறங்கிவிட்டார்.'

மகள் வாலு இறந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

பள்ளிப் பேருந்துச் செயலியை ஜாவாவில் எழுதியவன் அவன். மொத்தச் செயலியையும் ஓட்டிச் சோதிக்கும்போது நிஜப் பேருந்துக்கு எங்கே போவது? பிள்ளை இறங்கியதா என்று சொல்லும் பகுதியைக் கழற்றிவிட்டு அங்கே 'மாக்' என்ற போலிப் பகுதி ஒன்றை நிறுத்துவான். ஆட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணி சேர்ப்பதுபோலத்தான். சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லும். வேறு எதைக் கேட்டாலும் வெறுமையைத் திருப்பித் தரும். அவனுடைய மாக்குக்கு அவன் எழுதியது ஒரே பதில்: இறங்கிவிட்டார். பிள்ளையின் பெயருக்கு ஆசையாக வாலுவின் பெயரையே போட்டிருந்தான்.

ஓர் அவசர நாளில் மாக்கை எடுக்க மறந்து செயலியை வெளியிட்டான். அன்று வாலு பின்சீட்டில் தூங்கிப்போனாள். அவள் இறங்கவில்லை என்று அலறியிருக்க வேண்டிய செயலி, இறங்கிவிட்டாள் என்றது. தெருத்தெருவாகத் தேடினார்கள். வெயிலில் பூட்டிக் கிடந்த பேருந்தை யாரும் திறந்து பார்க்கவில்லை. மாக்கை அன்று இரவே அழித்தான். மனைவியிடம் இதுவரை வாய் திறக்கவில்லை.

"மெசேஜ் வந்துருச்சா?" மனைவி பின்னால் நின்றாள். கையில் பால் டம்ளர்.

"இது... எப்பலேர்ந்து?"

"தினமும்தான். நீங்க ஆபீஸ்ல இருக்கறதால தெரியல."

அழித்தது எப்படிப் பேசும்? வாசலில் காலணிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழும் சத்தம், பிறகு பை தரையில் உரசும் சத்தம், அதன் பின்னாலேயே வெயிலில் நாள் முழுக்க வெந்த ரெக்சின் சீட்டின் வாடை கூடத்தைத் தாண்டி மெல்ல வந்தது. பெல் அடிக்கவில்லை. கதவின் கீழ்ப்பாதியில் தட்டல். மூன்று முறை.

"திறக்காத."

அவள் திறந்தாள்.

சீருடை. இரட்டைப் பின்னல். குனிந்த தலை.

"இறங்கிட்டேன்."

வாலுவின் குரலேதான். அவனுக்கு ஓடத் தோன்றவில்லை, அழத்தான் வந்தது. முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"வாலு, சீட்டுல ரொம்ப சுட்டுச்சாடா?"

குனிந்த தலை அசையவில்லை.

"அப்பாதான்டா தப்பு பண்ணேன். நான் எழுதுனதாலதான் உன்னை யாரும் பஸ்ல தேடல. அப்பா மேல கோவமா?"

மனைவி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிள்ளை பதில் சொல்லவில்லை. கோபம் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்விக்கு அவன் எதையும் எழுதி வைக்கவில்லை.

"இறங்கிட்டேன்."

"கேள்வி போதுங்க. களைச்சு வந்திருக்கா." அவள் பிள்ளையை மடியில் சாய்த்து, முன்முடியை ஒதுக்கினாள்.

நெற்றி இருந்தது. அதற்குக் கீழே கண்ணில்லை, மூக்கில்லை, வாயில்லை. வழுவழுப்பான தோல் மட்டும். அந்தத் தோலில் டம்ளரை வைத்து, மனைவி பொறுமையாகப் பாலைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். பால் சீருடையில் வழிந்தது.