வெள்ளிக்கிழமைக் கொடையாளர்

வெள்ளிக்கிழமை காலைகளில் என் மனைவி குழல்வாய்மொழி வெறும் வயிற்றில் மாத்திரை அளவிலான மணிக்கேமரா ஒன்றை விழுங்குவாள். சற்று நேரத்தில் அவளுடைய இரைப்பையின் படம் கூடத்துச் சுவரில் விரியும். நடுவில் சுண்டைக்காய் அளவில் புற்று. அதைச் சுற்றிப் புதிய இரத்தக் குழாய் எதுவும் இல்லையென்றால் அது நல்ல வாரம்.

இப்போது யாரும் இரைப்பையை அறுப்பதில்லை. புற்று தன் இரைக்காக ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதற்குக் குழாய்வளர்ப்பி என்று பெயர். அது அழைத்தால் பக்கத்து இரத்தக் குழாய்கள் கிளைவிட்டு வந்து சேரும். அந்த அழைப்பை மறிக்கும் தடைப்புரதம் சிலருடைய உடம்பில் இயற்கையாக ஊறுகிறது. மறித்துவிட்டால் புற்று பட்டினியில் உறங்கிவிடும். ஆனால் புட்டியில் பிடித்தால் தடைப்புரதம் சில நிமிடங்களில் கெட்டுவிடும். ஆகவே கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே அமர்ந்து, கைக்குக் கை குழாய் பிணைத்து, ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். நெருங்கிய இரத்த உறவுக்கே பொருந்தும்.

எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் பொருந்தவில்லை. பொருந்தியது தாணுமூர்த்திக்கு. அவளுடைய அத்தை மகன். அவளுக்கு முதலில் பேசி வைத்திருந்தவர். எங்கள் குடும்பத்துப் பெயருக்காகத்தான் அவளுடைய தகப்பனார் மனம் மாறி அவளை எனக்குக் கொடுத்தார்.

அந்த ஒரு மணி நேரமும் நான் எதிர் நாற்காலியில் முதுகு சாயாமல் அமர்ந்திருப்பேன். அவர்கள் சிறு வயதுக் குற்றாலக் குளியலைப் பற்றிப் பேசுவார்கள். அவரை அவள் அத்தான் என்பாள். நாற்பத்தொரு வருடத்தில் என்னை அப்படி அழைத்ததில்லை. எனக்கு "இங்க பாருங்க" தான்.

ஒரு நாள் அவர் சொன்னார்: "என் ரெத்தம் ஓடுதுல்லா, இனி உனக்கும் கொறட்ட வரும் பாரு."

"அதுக்கு இந்த வீட்டுல ஏற்கெனவே ஆள் இருக்கு அத்தான்" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் அறையைவிட்டு வெளியே போனேன்.

அடுத்த வெள்ளி எங்கள் திருமண நாள். தாணுமூர்த்தியை வர வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னேன். அவளிடம் அவருக்குக் காய்ச்சல் என்றேன். பொய் பேசாத குடும்பம் என்று ஊரில் எங்களுக்குப் பெயர்.

அதற்கடுத்த வெள்ளி, சுவரில் புற்றைச் சுற்றிச் செந்நூல்கள் முளைத்திருந்தன. பார்க்க வந்த மருத்துவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. புற்று விழித்துவிட்டது; இனி தினமும், அவள் கண் விழித்ததுமே, இணைக்க வேண்டும்; கொடையாளர் அதே வீட்டில் தங்குவதுதான் வழி என்றார்.

மருத்துவர் போன பிறகும் அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தானுக்குக் காய்ச்சல் இல்லன்னு அன்னைக்கே தெரியும். நீங்க தல குனியக் கூடாதேன்னுதான் பேசாம இருந்தேன்."

அன்று மாலையே தாணுமூர்த்தியின் வீட்டுக்குப் போனேன். அதுவரை அந்தப் படி ஏறியதில்லை. மனைவியை இழந்த பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். மருத்துவர் சொன்னதையும், என் பொய்யையும் சொன்னேன்.

"நம்ம வீட்டுக்கே வந்து இருந்துரும்."

அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "குழலு கேக்காளா, நீங்க கேக்கியளா அண்ணாச்சி?"

"நான்தான் கேக்கேன்."

அவர் பெட்டியை எடுத்துத் துணிகளை வைக்கத் தொடங்கினார். எந்த அறை என்று கேட்டார். விடிந்ததும் இணைக்க வேண்டுமானால், எங்கள் படுக்கையறைக்கு அடுத்த அறைதான் தோது. அதையும் என் வாயாலேயே சொன்னேன்.