மொட்டை, கொத்து, சாதாரணம்

முப்பது தொட்டிகள். முப்பது சீட்டுகள். ஒன்றில்கூட எழுத்து இல்லை!

பட்டாணி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். நேற்று மாலை அவள் குண்டு குண்டாக எழுதிய வகைப் பெயர்கள் எல்லாம் ஊதாவும் பச்சையுமாகக் கரைந்து, மேசைமேல் தொட்டிகளுக்கு அடியில் இருந்த தட்டில் குட்டையாகத் தேங்கி நின்றன.

உருண்டை முகம் என்பதால் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். பள்ளி விடுமுறை என்றால் அம்மா வேலை செய்யும் கண்ணாடிக் கூடத்துக்கு வந்துவிடுவாள். சுவர், கூரை எல்லாமே கண்ணாடி. உள்ளே ஆராய்ச்சிக்காக வளரும் செடிகள். அவற்றுக்குப் பூச்சி வராமல் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வெளிச்சம் கிடைக்கத் தினமும் தொட்டிகளை இடம் மாற்றி வைப்பது அம்மாவின் வேலை.

அம்மா சீட்டுகளில் பென்சிலால்தான் எழுதுவாள். மங்கலாக இருக்கும். பாவம், கண்ணை இடுக்கி இடுக்கிப் படிக்கிறாளே என்று, நேற்று பட்டாணி எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துவிட்டுத் தன் புது ஸ்கெட்ச் பேனாவால் பளிச்சென்று எழுதி வைத்தாள். அம்மாவுக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்க நினைத்தாள்.

கொடுத்துவிட்டாள்! காலை எட்டு மணிக்குத் தூவல் குழாய்கள் தானாகத் திறந்து, புஸ்ஸென்று பத்து நிமிடம் பனி மாதிரி தண்ணீர் தெளித்து முடித்திருந்தன.

"ஐயோ... இது எப்படி?" பின்னால் அம்மாவின் குரல்.

"அம்மா, நான்தான். நல்லாத் தெரியட்டும்னு ஸ்கெட்ச்ல எழுதினேன்."

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பத்து மணிக்கு வண்டி வருது பட்டாணி. இந்த முப்பதும் வெளியூர் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போகணும். எது எந்த வகைன்னு தெரியாத தொட்டியை அவங்க தொடக்கூட மாட்டாங்க. ஆராய்ச்சி மேடத்தோட ஆறு வார உழைப்பு!"

"இப்ப என்னம்மா பண்றது?"

"நான்தான் எழுதினேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே."

 தப்பு செய்தது பட்டாணி. தலையைக் குனிந்து நிற்கப்போவது அம்மா. இது என்ன நியாயம்?

"அம்மா, இது மூணு வகைதானே? என்ன வித்தியாசம்?"

"எல்லாம் கடுகுச் செடிக்குத் தூரத்துச் சொந்தம்தான். இலை மேலே கண்ணுக்குத் தெரியாத குட்டி முடி இருக்கும். பூச்சி வந்து உட்காரப் பார்த்தா குத்தும்."

"நம்ம சித்தப்பா தாடி மாதிரியா?"

அந்த நேரத்திலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "அதேதான். எங்கே முடி வளரணும்னு சொல்றது செடிக்குள்ளே இருக்கிற மரபணு. ஒரு மரபணு 'வளர்'னு உத்தரவு போடும். இன்னொண்ணு 'நான் இங்கே வளர்க்கிறேன், நீ சும்மா இரு'ன்னு பக்கத்து இடத்துக்குச் சொல்லி அனுப்பும். அதனாலதான் முடி எல்லாம் தள்ளித் தள்ளி நிக்கும். அது சாதாரணச் செடி."

"மத்த ரெண்டு?"

"'வளர்'னு சொல்ற மரபணு வேலை செய்யலைன்னா மொட்டை. 'சும்மா இரு'ன்னு சொல்ற மரபணு வேலை செய்யலைன்னா, ரெண்டு மூணு முடி ஒரே இடத்துல முண்டியடிச்சுக்கிட்டு முளைக்கும். அது கொத்து. வகைக்குப் பத்துத் தொட்டி. ஆனா வெறும் கண்ணுக்கு மூணும் ஒண்ணுதான்."

பட்டாணி தட்டின் முன் குனிந்தாள். இலைகளை முறைத்தாள். எல்லாம் ஒரே பச்சை. எல்லாம் ஒரே உருண்டை. இலைமேல் நீர்த்துளிகள்...

சட்டென்று நிமிர்ந்தாள்.

ஒரு செடியில் துளிகள் முத்து முத்தாக எழும்பி நின்றன. பக்கத்துச் செடியில் தண்ணீர் இலையோடு இலையாகத் தட்டையாகப் பரவிக் கிடந்தது!

"அம்மா! இங்கே பாருங்க! இதுல துளியை முடி தூக்கிப் பிடிச்சிருக்கு. இதுல பிடிக்க ஆளே இல்லை. இது மொட்டை!"

அம்மா வாளியை உதைத்துக்கொண்டு எழுந்தாள். "அடி என் தங்கமே! சீக்கிரம், வெயில் ஏறினா துளி காஞ்சிடும்!"

கூரை வழியே வெயில் மேசையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பட்டாணி காட்டக் காட்ட, அம்மா தொட்டிகளைத் தூக்கித் தூக்கி ஓரமாக வைத்தாள். எட்டு... ஒன்பது... பத்து! பத்தாவது மொட்டை கிடைத்த மறு நிமிடம் வெயில் மேசைமேல் ஏறிவிட்டது.

மீதி இருபதைப் பிரிக்க, பூச்சி பார்க்கும் பூதக்கண்ணாடி உதவியது. பட்டாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இலையாகப் பார்த்தாள். வெள்ளைக் கம்பிகள் மாதிரி முடிகள்! தள்ளித் தள்ளி நின்றால் சாதாரணம். ஒட்டிக்கொண்டு நின்றால் கொத்து. அவள் சொல்ல, அம்மா மறுபடி பார்த்து, சரியாக இருந்தால் தண்ணீரில் கரையாத பென்சிலால் எழுதினாள்.

கடைசித் தொட்டியில்தான் சிக்கல். மற்ற முடிகள் எல்லாம் தள்ளித் தள்ளித்தான் நின்றன. ஒரே ஓர் இலையில் மட்டும் இரண்டு முடிகள் ஒட்டி நின்றன.

"கொத்து ஒன்பதுதான் இருக்கு. இதையும் கொத்துன்னு எழுதினா கணக்கு சரியாயிடும்" என்றாள் அம்மா.

"ஆனா எனக்கு நிச்சயமாத் தெரியலையேம்மா."

அம்மா பூதக்கண்ணாடியால் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அந்தச் சீட்டில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.

வெளியே வண்டிச் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு ஆராய்ச்சியாளர் உள்ளே வந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் பெட்டி.

"எல்லாம் தயாரா?"

"மேடம், சீட்டுல ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான்..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"அக்கா, அம்மா இல்லை! நான்!" பட்டாணி குறுக்கே புகுந்து, ஸ்கெட்ச் பேனாவில் தொடங்கி, நீர்த்துளி, பூதக்கண்ணாடி, கேள்விக்குறி வரை மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

ஆராய்ச்சியாளர் பெட்டியைத் திறந்து தன் நுண்ணோக்கியை எடுத்தார். ஒவ்வொரு தொட்டியாகச் சரிபார்த்தார். வெளியே ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

"இருங்கய்யா, ஓடியா போயிடப் போறேன்!" என்று கத்திவிட்டு ஆராய்ச்சியாளர் மறுபடி குனிந்துகொண்டார்.

அம்மாவின் விரல்கள் பட்டாணியின் தோளை இறுக்கின. இருபத்தைந்து... இருபத்தெட்டு...

"இருபத்தொன்பதும் சரி" என்றார் ஆராய்ச்சியாளர்.

அம்மாவின் பிடி தளர்ந்தது. "மன்னிச்சுக்கோங்க மேடம். இனிமே இப்படி நடக்காது."

"நடக்கக் கூடாதுதான். என்னைத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. ஆனா தப்பையும் சொல்லி, கையில விடையையும் கொடுக்கிறவங்களை நான் வேற எங்கே போய்த் தேடறது?"

பிறகு அவர் கேள்விக்குறித் தொட்டியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். இப்படித் திருப்பினார். அப்படித் திருப்பினார். ஹாரன் மூன்றாம் முறை அலறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னக்கா அது?" பட்டாணிக்குப் பொறுக்கவில்லை.

"கணக்குப்படி கொத்தா இருக்கணும், பார்த்தா சாதாரணம் மாதிரி இருக்கு. எனக்கும் தெரியலையே!"

பட்டாணியின் கண்கள் அகல விரிந்தன. இவ்வளவு பெரிய அக்காவுக்கே தெரியவில்லையா!

"இன்னும் ரெண்டு இலை விடட்டும், அப்புறம் பார்க்கலாம். இது வண்டியில போகாது, இங்கேயே இருக்கட்டும்" என்றார் அவர்.

"அப்ப நாளைக்கும் நான் வரலாமா?"

"வராம? புது இலை வந்துச்சான்னு யார் பார்க்கிறது?"

வண்டி இருபத்தொன்பது தொட்டிகளோடு கிளம்பிப் போனது. பட்டாணி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீதமிருந்த ஒரே தொட்டியின் முன் மோவாயைக் கையில் தாங்கி உட்கார்ந்துகொண்டு, "ம்... சீக்கிரம் வளரு!" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.